தூணுக்குத் தூண் கடை! மதுரையில் கல் கூரைக்குக் கீழே ஒரு கடைத்தெரு
நடந்தே பார்க்கலாம்: கிழக்குக் கோபுரம் முதல் நாயக்கர் மகால் வரை

வெயில் படாது. மழை நனைக்காது. தலைக்கு மேலே யாளி. பக்கத்திலே நாயக்க மன்னர். இரண்டு தூணுக்கு நடுவிலே தையல் மிஷின்!

இப்படி ஒரு கடைத்தெரு மதுரையில் இருந்தது. அதுதான் புது மண்டபம்.

பெயர்தான் புது மண்டபம். வயதோ ஏறக்குறைய 400!

மேல்நாடுகளில், கண்ணாடிக் கூரை போட்ட கடைத்தெருக்களைப் பார்க்க ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். அவை எல்லாம் பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மதுரையில் அதற்கும் 200 ஆண்டு முந்திய கல் மண்டபத்திலே கடை நடந்தது. கண்ணாடி இல்லை. எல்லாம் கருங்கல்.

இப்போது அந்தக் கடைகள் மண்டபத்தில் இல்லை. பக்கத்துக் கட்டிடத்துக்குப் போய்விட்டன. ஏன் போயின? போனவர்கள் கதி என்ன? மண்டபத்தின் கதி என்ன?

இதை எல்லாம் தெரிந்துகொள்ள வழிகாட்டி தேவை இல்லை. கார், ஆட்டோ தேவை இல்லை. இரண்டு கால் போதும். கிழக்குக் கோபுர வாசலில் புறப்பட்டால் நாயக்கர் மகால் வரை ஒன்றரை கிலோ மீட்டருக்குள்தான். நின்று நின்று பார்த்தாலும் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும்.

புறப்படும் இடம்

மீனாட்சி அம்மன் கோவில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, கீழச் சித்திரை வீதியில் நில்லுங்கள். கோபுரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கள். எதிரே நீளமாக ஒரு கல் மண்டபம் தெரியும். அதுதான் புது மண்டபம்.

சித்திரை வீதிகளில் வண்டிகள் வருவது இல்லை. அதனால் நடுவீதியில் நின்றுகூட நிதானமாகப் பார்க்கலாம். மதுரையில் இப்படி நிற்க முடிகிற வீதிகள் குறைவு!

மதுரை நகரின் வீதி அமைப்பையும் இங்கேயே மனதில் வாங்கிக்கொண்டால் பிறகு வழி தவறாது. கோவிலைச் சுற்றி முதலில் சித்திரை வீதி. அதற்கு வெளியே ஆவணி மூல வீதி. அதற்கும் வெளியே மாசி வீதி. கடைசியாக வெளி வீதி. ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரம் சதுரமாகப் போட்ட கோலம் மாதிரி. கிழக்கே போகப் போக ஒவ்வொரு வீதியாகத் தாண்டுவீர்கள். அவ்வளவுதான்.

333 அடி நீளம்

இந்த மண்டபத்தைக் கட்டியவர் திருமலை நாயக்கர். 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்டவர்.

மண்டபத்தின் நீளம் 333 அடி. அகலம் 105 அடி. மொத்தம் 124 தூண்கள். நான்கு வரிசையாக நிற்கின்றன. நடுவிலே அகலமான பாதை. இரண்டு பக்கமும் இரண்டு பாதை.

கடை நடத்துவதற்காகக் கட்டியது அல்ல இது. சாமி இளைப்பாறுவதற்காகக் கட்டியது!

வைகாசி மாதத்தில் வசந்த விழா நடக்கும். கோடையின் உக்கிரம். மீனாட்சியையும் சுந்தரேசுவரரையும் இங்கே எழுந்தருளச் செய்வார்கள். மண்டபத்தைச் சுற்றிலும் அகழி மாதிரி பள்ளம் வெட்டி இருந்தது. அதிலே தண்ணீர் நிரப்புவார்கள். தண்ணீரைத் தொட்டு வருகிற காற்று உள்ளே குளுகுளு என்று வீசும். அந்தக் காலத்து "ஏர்-கண்டிஷன்"! அதனால் இதற்கு வசந்த மண்டபம் என்றும் பெயர் உண்டு.

குளிர்ச்சியான இடம். கோவிலுக்கு நேர் எதிர். தினமும் ஆயிரக்கணக்கில் பக்தர்கள் வந்து போகிற வழி. வியாபாரிக்கு இதைவிட என்ன வேண்டும்? தூணுக்கு நடுவே துணியை விரித்தார்கள். பிறகு பெட்டி வந்தது. பிறகு அலமாரி வந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல், தாத்தா, அப்பா, பிள்ளை என்று தலைமுறை தலைமுறையாகக் கடை நடந்தது. கடைசியில் சுமார் 300 கடைகள்!

என்ன கிடைத்தது?

என்ன கிடைக்கவில்லை என்று கேட்பதுதான் சுலபம்.

ஒரு பக்கம் புத்தகக் கடைகள். பஞ்சாங்கம், சோதிடம், பெரிய எழுத்துக் கதைகள், பக்திப் பாடல்கள், மந்திரம், வைத்தியம். வேறு எங்கேயும் கிடைக்காத புத்தகம் என்றால் "புது மண்டபத்துல கேட்டுப் பாருங்க" என்பார்கள்.

இன்னொரு பக்கம் வளையல், பொட்டு, சீப்பு, ரிப்பன், குங்குமம். அதற்கு அடுத்து பித்தளைச் சாமான், விளக்கு, மணி. குழந்தைகளுக்குச் செப்புச் சாமான். ஊருக்குத் திரும்புகிற தாய்மார்கள், செப்புச் சாமான் வாங்காமல் போனால் வீட்டிலே பிள்ளைகள் விடமாட்டார்கள்!

எல்லாவற்றுக்கும் மேலே தையல்காரர்கள். வரிசையாக மிஷின்கள். கடகட என்று மிதிக்கிற சத்தம் கல் கூரையில் மோதித் திரும்பும். கழுத்திலே டேப். காதிலே பென்சில்.

"வாங்கண்ணே! துணியைக் கொடுத்துட்டு கோவிலுக்குப் போயிட்டு வாங்க. திரும்பி வரும்போது சட்டை ரெடி!" என்று அழைப்பார்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் இதில் மயங்கிப் போவார்கள். போட்டிருக்கிற சட்டையைக் காட்டினால் போதும். அதே மாதிரி அப்படியே தைத்து வாங்கிக்கொண்டு போகலாம். மதுரை என்றால் மீனாட்சி கோவிலும், புது மண்டபத்துத் தையல்காரரும் என்று நினைவு வைத்துக்கொண்டு போனவர்கள் ஏராளம்.

சித்திரை வந்தால் சிவப்புத் துணி!

பங்குனி பிறந்துவிட்டால் இந்தத் தையல்காரர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது.

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகை ஆற்றில் இறங்குவார். அவருக்கு நேர்ந்துகொண்டவர்கள் அழகர் வேடம், கருப்பசாமி வேடம் போடுவார்கள். திரி எடுத்து ஆடுவார்கள். தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சி அடிப்பார்கள். இந்த வேடத்துக்கு வேண்டிய உடுப்பு, குல்லா, சல்லடம், தோல் பை எல்லாம் புது மண்டபத்தில்தான் வாங்குவார்கள்.

சிவப்பும் பச்சையுமாக வெல்வெட் துணி. ஓரத்திலே சரிகை, ஜிகினா. கிராமத்தில் இருந்து குடும்பம் குடும்பமாக வந்து அளவு கொடுப்பார்கள். "எங்க அப்பாவுக்கும் இந்தக் கடையிலதான் தச்சது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

துணி, நூல், காஜா என்று சொன்னால் அது வியாபாரம். ஆனால், நேர்த்திக்கடன் உடுப்பு தைக்கிறவர், திருவிழாவில் ஒரு பங்காளி. கடை இடம் மாறியபோது, வெறும் வாடகைப் பிரச்சினையாக இது முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

துணிக்குப் பின்னால் மன்னர்!

சரி, இத்தனை கடைகளுக்குப் பின்னால் என்ன இருந்தது?

நடுப் பாதையில் நாயக்க மன்னர்கள் 10 பேரின் சிலைகள் இருக்கின்றன. ஆள் உயரத்துக்குக் கைகூப்பி நிற்கிறார்கள். மதுரை நாயக்கர் ஆட்சியைத் தொடங்கிய விசுவநாத நாயக்கர் முதல் திருமலை நாயக்கர் வரை. தொந்தியும் மீசையுமாக, மனைவியருடன் நிற்கிறவர் திருமலை நாயக்கர்.

மற்றத் தூண்களில் மீனாட்சி திருக்கல்யாணம், கைலாயத்தைத் தூக்குகிற ராவணன், ஒற்றைக் காலில் நிற்கிற ஏகபாத மூர்த்தி, கரும்பு தின்கிற கல் யானை. முகப்பிலே முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிற குதிரைகள், யாளிகள்.

கல் யானை கரும்பு தின்ற கதை மதுரைக்காரர்களுக்குத் தெரியும். சித்தர் வடிவில் வந்த சிவபெருமான், பாண்டிய மன்னன் சோதித்தபோது, கல் யானையைக் கரும்பு தின்ன வைத்த திருவிளையாடல் அது.

1858-ல் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயர் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு வந்தார். புது மண்டபத்தின் தூண் வரிசையை அவர் படம் எடுத்தார். தென்னிந்தியாவில் எடுத்த மிகப் பழைய புகைப்படங்களில் அவையும் சேர்த்தி. இன்று உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்கள் அந்தப் படங்களைப் பத்திரமாக வைத்திருக்கின்றன.

படத்துக்கு அத்தனை மதிப்பு. படத்தில் இருந்த சிற்பத்துக்கோ? ஒன்றின் கையில் கயிறு கட்டி ஜாக்கெட் துணி தொங்கியது. இன்னொன்றின் காலடியில் மூட்டை. கடைகள் இருந்த காலத்தில் மன்னரைப் பார்க்க வேண்டும் என்றால், "அண்ணே, இந்தத் துணியைக் கொஞ்சம் தள்ளுறீங்களா?" என்று கேட்க வேண்டி இருந்தது!

தொடையில் ஒரு சில்லு

இந்த மண்டபத்தைப் பற்றி மதுரையில் ஒரு கதை வழங்கி வருகிறது.

மண்டபத்துச் சிற்பி சுமந்திர மூர்த்தி ஆசாரி. அவர் அரசியின் சிலையைச் செதுக்கினார். தொடைப் பகுதியில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. வேறு கல்லில் மறுபடி செதுக்கினார். அதே இடத்தில் மறுபடியும் சில்லு!

சிற்பி பதறிப் போனார். வேலைகளை மேற்பார்த்த அமைச்சர் நீலகண்ட தீட்சிதரிடம் போய்ச் சொன்னார்.

தீட்சிதர் தியானித்துப் பார்த்துவிட்டு, "அப்படியே இருக்கட்டும். அரசிக்கு அந்த இடத்தில் மச்சம் இருக்கிறது" என்றாராம்.

செய்தி மன்னர் காதுக்குப் போனது. "அது இவருக்கு எப்படித் தெரியும்?" என்று சந்தேகம்! தீட்சிதரின் கண்ணைப் பறிக்க ஆணை பிறந்தது. காவலர் வருமுன், பூசையில் இருந்த தீட்சிதர், கற்பூர ஆரத்தியாலேயே தன் கண்ணைச் சுட்டுக்கொண்டாராம். மன்னர் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டார். தீட்சிதர் மீனாட்சியைப் பாட, பார்வை திரும்பியது என்று கதை முடிகிறது. அப்போது பாடியதுதான் "ஆனந்த சாகர ஸ்தவம்" என்பார்கள்.

கதையோ, நடந்ததோ, மண்டபத்துக்குப் போகிறவர்கள் அந்தச் சிலையைத் தேடாமல் வருவது இல்லை.

அந்த இரவு

கடைகள் இடம் மாற வேண்டும் என்ற பேச்சு பல காலமாகவே இருந்தது. சிற்பங்கள் பாழாகின்றன என்று ஒரு பக்கம். பிழைப்புப் போய்விடும் என்று இன்னொரு பக்கம். பேச்சு பேச்சாகவே இருந்தது.

2-2-2018, வெள்ளிக்கிழமை இரவு எல்லாம் மாறியது.

கிழக்குக் கோபுரத்துக்கு உட்பக்கம் வீர வசந்தராயர் மண்டபம் இருக்கிறது. அங்கேயும் வரிசையாகக் கடைகள். நடை சாத்தும் நேரத்தில் அங்கே தீப்பிடித்தது. 30-க்கும் மேற்பட்ட கடைகள் எரிந்து சாம்பல் ஆயின. மண்டபத்தின் மேற்கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. தூண்கள் வெடித்தன.

"கல் எரியுமா?" என்று கேட்கலாம். கல் எரியாது. ஆனால், வெடிக்கும். கருங்கல்லில் பல வகைத் துகள்கள் சேர்ந்து இருக்கின்றன. சூடு ஏறினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் விரியும். அதனால் உள்ளுக்குள்ளே விரிசல் விடும். மேல் பகுதி பொருக்குப் பொருக்காகப் பெயரும். பல நூற்றாண்டு தாங்கிய தூணை, பிளாஸ்டிக்கும் துணியும் எரிந்த தீ ஒரே இரவில் உடைத்துவிட்டது!

மறுநாள் விடிந்தபோது மதுரை முழுவதும் இதே பேச்சு.

கோவிலுக்குள் இருந்த கடைகளைக் காலி செய்ய ஐகோர்ட்டு உத்தரவிட்டது. கோவிலுக்குள் செல்போன் கொண்டு போவதற்கும் தடை வந்தது. வீர வசந்தராயர் மண்டபத்தைத் திரும்பக் கட்ட, நாமக்கல் மாவட்டம் ராசிபுரம் பக்கம் பட்டணம் கிராமத்தில் கல் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் காலத்தில் செய்த மாதிரியே பெரிய பெரிய கல்லாக வெட்டி, கொண்டு வந்து, உளி பிடித்துச் செதுக்குகிற வேலை. எரிய ஓர் இரவு. எழுப்ப ஆண்டுகள்!

மண்டபம் காலி

வீர வசந்தராயர் மண்டபத்தில் பற்றிய தீ, எதிரே இருந்த புது மண்டபத்தில் பற்றினால்? 300 கடை. துணி, காகிதம், பிளாஸ்டிக். மின்சார வயர். எல்லோருக்கும் அந்தப் பயம் வந்தது.

2018-க்குப் பின் வந்த ஆண்டுகளில், பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரம் இருந்த இடத்தில் மாநகராட்சி அடுக்கு மாடி வணிக வளாகம் கட்டியது. புது மண்டபத்துக் கடைகளுக்கு அங்கே இடம் ஒதுக்கினார்கள். வியாபாரிகள் தயங்கினார்கள். வழக்கு, பேச்சுவார்த்தை, கெடு எல்லாம் நடந்தன. கடைசியில் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள்.

மண்டபம் காலியானது. துணிக்குப் பின்னால் இருந்த மன்னர்கள் வெளியே வந்தார்கள்!

இங்கே யார் பக்கம் நியாயம்? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதுதான் சிக்கல்.

சிற்பத்தில் ஆணி அடித்தால் அது திரும்ப வராது. 400 ஆண்டுச் சொத்து, ஒரு தலைமுறைக்கு மட்டும் சொந்தம் அல்ல. நெருப்பு வந்தால் மண்டபமும் போகும், கடையும் போகும், ஆளும் போவான். இது ஒரு நியாயம்.

தையல்காரனுக்குக் கடை என்பது இடம். "புது மண்டபத்துத் தையல்காரர்" என்பதுதான் அவர் முகவரி. கோவிலுக்கு வருகிறவர் கண்ணில் பட்டால்தான் துணி வரும். நடந்து போகிற வழியில் இருந்த கடை, படி ஏறிப் போகிற மாடிக்கு மாறினால், பாதிக் கூட்டம் கீழேயே திரும்பிவிடும். இது இன்னொரு நியாயம்.

கல்லைக் காப்பாற்றுகிறபோது ஆளையும் காப்பாற்ற வேண்டும். புதுக் கட்டிடம் கட்டியாகிவிட்டது. அங்கே ஆட்கள் போனால்தான் அந்தக் காப்பாற்றுதல் முழுமை ஆகும்.

எனவே, நடந்து பார்க்க வருகிறவர்கள் ஒன்று செய்யலாம். முதலில் மண்டபத்தைப் பாருங்கள். திருப்பணி நடக்கிற நாளாக இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். முகப்புக் குதிரைகளையும் யாளிகளையும் வெளியே நின்று பாருங்கள். பிறகு குன்னத்தூர் சத்திர வளாகத்துக்குப் போங்கள். படி ஏறுங்கள். அதே தையல்காரர்கள். அதே வளையல். அதே பஞ்சாங்கம். கூரைதான் வேறு!

முடியாத கோபுரம்

புது மண்டபத்தின் கீழ்க் கோடியைத் தாண்டினால் எதிரே ஒரு பிரமாண்டமான கல் அடித்தளம் நிற்கும். மேலே கோபுரம் இல்லை. இதுதான் ராய கோபுரம்.

இதையும் திருமலை நாயக்கர்தான் தொடங்கினார். முடிக்கவில்லை. வாசலின் இரு பக்கமும் நிற்கிற நிலைக்கல்லைப் பாருங்கள். சுமார் 50 அடி உயரம். ஒரே கல்! அண்ணாந்து பார்த்தால் தலைப்பாகை விழும்.

இது முடிந்திருந்தால் தமிழ்நாட்டிலேயே பெரிய கோபுரம் இதுதான் என்று மதுரைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். மேலே கோபுரம் எழும்பவில்லை. கீழே கடைகள் எழும்பின! சுற்றிலும் நெருக்கமாகக் கடை, வண்டி, சுமை தூக்குகிறவர்கள். நிலைக்கல்லின் செதுக்கு வேலையைப் பார்க்கக் கொஞ்சம் ஒதுங்கி நிற்க வேண்டும்.

பக்கத்துத் தெருவின் பெயர் ஏழு கடல் தெரு. மீனாட்சியின் தாயார் காஞ்சனமாலை கடலில் நீராட ஆசைப்பட்டார். சிவபெருமான் ஏழு கடலையும் மதுரைக்கே வரவழைத்தார் என்பது திருவிளையாடல். கடல் இல்லாத மதுரையில் ஏழு கடல் தெரு இருப்பது இப்படித்தான்!

பருப்பு வாசனை, தேர் நிழல்

கிழக்கே நடந்து கீழ ஆவணி மூல வீதியைத் தாண்டி, கீழ மாசி வீதிக்கு வாருங்கள். மூக்கே சொல்லிவிடும். மிளகாய், மல்லி, பருப்பு, வெல்லம். மளிகை மொத்தக் கடைகள் நிறைந்த வீதி. மூட்டை சுமந்து வருகிறவர் "ஓரம்! ஓரம்!" என்றால் ஒதுங்கிவிடுங்கள். அவரால் நிற்க முடியாது!

சித்திரைத் திருவிழாவில் ஓடுகிற பெரிய தேர்கள் நிற்கிற இடமும் இங்கேதான் இருக்கிறது. தேர் மாசி வீதிகளில்தான் ஓடும். சித்திரைத் திருவிழா மாசி வீதியில் நடப்பது ஏன் என்று குழந்தைகள் கேட்பார்கள். முன்பு மாசியில் நடந்த விழாவை, சித்திரையில் நடக்கிற அழகர் விழாவுடன் சேர்த்தவர் திருமலை நாயக்கர் என்று சொல்லுங்கள்.

விளக்குத்தூண்

கீழ மாசி வீதியில் தெற்கே நடந்தால் விளக்குத்தூண் வரும். கலெக்டர் ஜான் பிளாக்பர்ன் நினைவாக நிறுத்திய விளக்கு.

மதுரையைச் சுற்றி ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. ஊருக்குள் நெரிசல். 1840-களில் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தார். கூலிக்குப் பணம்? "யார் இடித்துத் தூர்க்கிறார்களோ, அவர்களுக்கு அந்த நிலம்!" என்று அறிவித்தார். வேலை மளமள என்று நடந்தது. இன்றைய வெளி வீதிகள் அப்படி வந்தவை. வேலையைக் கவனித்த பெருமாள் மேஸ்திரி, மாரட் ஆகியோரின் பெயரில் இன்றும் வீதிகள் இருக்கின்றன.

இங்கே கொஞ்சம் உட்காரலாம். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டாவுக்குப் பெயர் போனது. சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே பால் ஐஸ். வெயிலுக்கு இதமாக இருக்கும்.

சந்துக்குள் பத்துத் தூண்

விளக்குத்தூண் பக்கத்தில் பத்துத்தூண் சந்து. துணிக்கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம். நைட்டி, உள்பாவாடை, பனியன், குழந்தை உடுப்பு மலை மலையாகக் குவிந்திருக்கும். தீபாவளி சமயத்தில் நுழைந்தால் கூட்டமே உங்களைத் தூக்கிக்கொண்டு போய் மறுகோடியில் விடும்!

பேரம் பேசி முடித்துவிட்டு மேலே பாருங்கள். கட்டிடங்களுக்கு இடையே வானத்தைத் தொடுகிற மாதிரி பெரிய பெரிய தூண்கள். மொத்தம் 10. திருமலை நாயக்கர் அரண்மனையின் ஒரு பகுதி இவ்வளவு தூரம் இருந்தது என்பதற்குச் சாட்சி. கூரை போய்விட்டது. அரண்மனை போய்விட்டது. தூண் மட்டும் நிற்கிறது.

புது மண்டபத்தில் தூணைக் காப்பாற்றக் கடை நகர்ந்தது. இங்கே தூணும் கடையும் இன்னும் தோளோடு தோள் நிற்கின்றன. எது நல்லது என்பதை இரண்டையும் பார்த்தவர்கள் சொல்லட்டும்.

முடியும் இடம்

சந்தைத் தாண்டித் தெற்கே போனால் திருமலை நாயக்கர் மகால். 1636-ல் கட்டியது. இன்று இருப்பது பழைய அரண்மனையில் நான்கில் ஒரு பங்குதான் என்பார்கள். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பலவற்றைப் பெயர்த்துக்கொண்டு போனார். மிச்சம் இருந்ததை 1866-க்கும் 1872-க்கும் இடையில் சென்னை கவர்னர் நேப்பியர் பிரபு பழுது பார்க்கச் செய்தார்.

பிறகு 1970 வரை இங்கே மாவட்ட கோர்ட்டு நடந்தது. மன்னர் கொலு வீற்றிருந்த இடத்தில் கறுப்பு அங்கி போட்ட வக்கீல்கள் வாதாடினார்கள். கோர்ட்டு வேறு இடம் போனது. மகால் பிழைத்தது. வக்கீல்களும் பிழைத்தார்கள்! இடம் மாறினாலும் வழக்கு தேடி வரும். தையல்காரர் கதை அப்படி அல்ல. துணி தேடி வருமா என்பது வருகிறவர்கள் கையில் இருக்கிறது.

தெரிந்துகொள்ளுங்கள்

காலை 10 மணிக்குப் புறப்படுவது நல்லது. கடைகள் திறந்திருக்கும். மத்தியானம் கோவில் நடை சாத்தியிருக்கும். கோவிலுக்குள் போகிறவர்கள் செல்போனை வெளியே ஒப்படைக்க வேண்டும். மகாலுக்கு உள்ளே போக டிக்கெட் உண்டு. சாயங்காலத்துக்கு மேல் மகாலைச் சுற்றிப் பார்க்க முடியாது.

சித்திரைத் திருவிழா நேரத்தில் இந்த வழியில் நடக்க முடியாது. கூட்டம்தான் நடக்கும்!

தைக்கத் துணி இருந்தால் மறக்காமல் கையோடு கொண்டு போங்கள். போகும்போது குன்னத்தூர் சத்திர வளாகத்தில் கொடுத்துவிட்டால், மகாலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.